கடலில் விழுந்த என்ஜினை ரிப்பேர் பார்ப்பது எப்படி?

நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு காரின் என்ஜின் திடீரென்று 'சீஸ்' ஆகி நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? கயிறு கட்டி இழுத்தாவது ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவார்கள். மெக்கானிக் முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். ஆயில் இருக்கிறதா? இருந்தால் என்ன நிறம்? பால் விட்ட காபி மாதிரி இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு என்று அர்த்தம். அப்புறம் ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்ப்பார். அசையவே இல்லையா, ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். சிலிண்டர் சுவரில் கீறல், பிஸ்டன் தலையில் உருகிய தழும்பு, கருகிப்போன பேரிங்... எங்கேயாவது ஓர் இடத்தில் தடயம் இருந்தே தீரும். "ஆயில் பம்பு வேல செய்யல்ல அண்ணாச்சி, அதான் பேரிங் புடிச்சிட்டு" என்று அவர் சொல்லும்போது, பிடித்துப்போன அந்த பேரிங் அவர் கையிலேயே இருக்கும். அதற்கப்புறம் என்ன வாதம்? பில் எவ்வளவு என்பது மட்டும்தான் மிச்சம்.

பந்தயக் கார்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. ஃபார்முலா ஒன் என்ஜின்கள் 2006 வாக்கில் நிமிடத்துக்கு 20,000 சுற்று வரை போயின. அடுத்த வருடமே 19,000க்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டார்கள். அப்படிப்பட்ட என்ஜினுக்குள் எந்த இடத்தில் என்ன சூடு, ஆயில் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் கார் ஓடும்போதே வயர்லெஸ்ஸில் இன்ஜினியர்களுக்கு வந்துகொண்டே இருக்கும். இதற்குப் பெயர்தான் டெலிமெட்ரி. என்ஜின் வெடித்துப் புகை விட்டாலும் கவலையில்லை. ஒரு கையில் டெலிமெட்ரி, இன்னொரு கையில் உடைந்த என்ஜின், இரண்டையும் வைத்துக் காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, அந்த இரண்டாவது கை காலியாக இருந்தால்? என்ஜின் திரும்பி வரவே இல்லை, ஒரு துண்டுகூடக் கையில் இல்லை, வெறும் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றால்? அப்படி ஒரு கேஸ் நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது நண்பர்களே. கார் என்ஜின் இல்லை, அதைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம்.

2010 ஏப்ரல் 15. சித்திரை பிறந்து இரண்டாவது நாள். மாலை 4.27க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி டி-3 ராக்கெட் கிளம்பியது. தலையில் ஜிசாட்-4 செயற்கைக்கோள், 2,200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்தியாவிலேயே செய்த கிரயோஜெனிக் என்ஜின் முதன்முதலாகப் பறந்த நாள் அது. முதல் கட்டம் எரிந்து முடிந்தது, சரி. இரண்டாம் கட்டம் 293 விநாடி வரை எல்லாம் கணக்குப்படியே, அதுவும் சரி. மூன்றாம் கட்டமாக கிரயோஜெனிக் என்ஜின் பற்ற வேண்டும். பற்றிய மாதிரி இருந்தது. அப்புறம் திரையில் ராக்கெட்டின் பாதைக் கோடு, போட்டு வைத்திருந்த கோட்டிலிருந்து விலகிக் கீழே இறங்க ஆரம்பித்தது. ராக்கெட்டும் செயற்கைக்கோளும் வங்காள விரிகுடாவுக்குள் போய்விட்டன. அன்றைய செய்திகளில் வந்த கணக்கு, எல்லாம் சேர்த்து சுமார் 330 கோடி ரூபாய்.

இந்த என்ஜினுக்கு ஏன் இத்தனை பரபரப்பு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கிரயோஜெனிக் என்ஜின் என்பது திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிப்பது. மற்ற எரிபொருட்களைவிட இதற்கு 'மைலேஜ்' ரொம்ப அதிகம். இரண்டு டன், நாலு டன் செயற்கைக்கோளைத் தூரத்துச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப இது கையில் இருந்தால் பெரிய சௌகரியம். 1991இல் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மோஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது, என்ஜினும் வேண்டும், அதைச் செய்யும் வித்தையும் வேண்டும் என்று. 1992இல் அமெரிக்கா இரண்டு பக்கத்தின் மேலும் தடை போட்டது. 1993இல் ரஷ்யா, "என்ஜின் தருகிறோம், வித்தை தர முடியாது" என்று பின்வாங்கியது. கடைசியில் ரெடிமேடாக ஏழு என்ஜின் கட்டங்கள் மட்டும் வந்து சேர்ந்தன. 1994இல், சரி நாமே செய்வோம் என்று இஸ்ரோ இறங்கியது.

அந்த 1994ஆம் வருடத்தில் கிரயோஜெனிக் திட்டத்துக்குத் தலைமை வகித்தவர் நம்பி நாராயணன். நாகர்கோவிலில் பிறந்தவர். அதே வருடம் நவம்பரில் உளவு வழக்கு ஒன்றில் கைதானார். அந்த வழக்கு பொய் என்று 1996இல் சி.பி.ஐ. சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதைத் தனியாக ஒரு பதிவாகவே எழுதலாம், படமும் வந்துவிட்டது. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். 1994இல் ஆரம்பித்த வேலையில் பிறந்த என்ஜின் முதன்முதலாகப் பறக்க 2010 ஆயிற்று. பதினாறு வருடம். பால்வாடியில் சேர்ந்த பிள்ளை பி.காம் முடிக்கிற அளவு காலம்.

இந்த என்ஜினைச் சோதித்த இடம் மகேந்திரகிரி. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி திருநெல்வேலி ரோட்டில் போனால், காவல்கிணறு, பணகுடிப் பக்கம் இடது கைப்புறம் நிற்கும் மலை. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அதன் அடிவாரத்தில். (கணக்குப்படி அது திருநெல்வேலி மாவட்டம். ஆனால் குமரி மாவட்டத்துக்காரர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. மலைக்கு இந்தப் பக்கமும் நாம்தானே இருக்கிறோம்!) 2007 நவம்பர் 15ஆம் தேதி அங்கே அந்த கிரயோஜெனிக் கட்டத்தைத் தரையில் நிறுத்தி முழுசாக 720 விநாடி எரித்துப் பார்த்தார்கள். பறக்கும்போதும் அது எரிய வேண்டிய நேரம் அதே 720 விநாடிதான். தேர்வில் முழு மார்க். அப்படிப்பட்ட என்ஜின் வானத்தில் இரண்டு விநாடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன் அந்த என்ஜினின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்கும். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183. இரண்டையும் தொட்டியிலிருந்து இழுத்து எரியறைக்குள் தள்ள வேண்டும், விநாடிக்கு சுமார் பதினாறரை கிலோ. எரியறையில் ஏற்கெனவே பயங்கர அழுத்தம். அதை மீறி உள்ளே தள்ள ஒரு முதன்மை டர்போ பம்ப், நிமிடத்துக்கு 39,000 சுற்று. அந்தப் பம்புக்கு ஒழுங்காகத் தீனி போட, முன்னால் இரண்டு சின்ன பூஸ்டர் பம்புகள், ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று. வீட்டில் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் மோட்டாரில் காற்றுப் புகுந்துவிட்டால் மோட்டார் சும்மா கத்தும், தண்ணீர் வராது. அந்த நிலைமை முதன்மைப் பம்புக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் பூஸ்டரின் வேலை. ஹைட்ரஜன் பூஸ்டர் பம்ப், ஹைட்ரஜன் தொட்டிக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அது எட்ட வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 35,000 சுற்றை ஒட்டி. ஆரல்வாய்மொழியில் நிற்கும் பெரிய காற்றாலை நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை சுற்றும். அது அரை மணி நேரத்தில் சுற்றுவதை இந்தப் பம்ப் ஒரே விநாடியில் சுற்றிவிடும். காரில் இருக்கும் டர்போசார்ஜர் ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுமே என்று ஆட்டோமொபைல் படிக்கும் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். ஆனால் டர்போசார்ஜருக்கு ஆயில் உண்டு. மைனஸ் 253 டிகிரியில் எந்த ஆயிலும் கல்லாகிவிடும். வழுக்குவதற்கு ஆயில் இல்லாத இடத்தில் இந்தச் சுற்று சுற்ற வேண்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கேஸுக்கு வருவோம்.

விழுந்த அன்று மாலையே இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணன் பேசினார். முதன்மை என்ஜின் பற்றியிருக்கலாம், திசை திருப்பும் இரண்டு சின்ன வெர்னியர் என்ஜின்கள் பற்றாமல் போயிருக்கலாம், அதனால் ராக்கெட் கட்டுப்பாடு இழந்து உருண்டிருக்கலாம் என்பதுதான் முதல் கணிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் தப்பே சொல்ல முடியாத கணிப்பு. ராக்கெட் உருளுகிறது என்றால் திருப்புகிற கை வேலை செய்யவில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கார் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் ஸ்டீயரிங்கைச் சந்தேகப்படுவது மாதிரி.

ஆனால் அந்தக் கணிப்பு நிற்கவில்லை. தோல்வி ஆய்வுக் குழு உட்கார்ந்து எண்களைப் பிரித்தபோது வேறு கதை வந்தது. முதன்மை என்ஜினும் பற்றியிருக்கிறது, இரண்டு திருப்பு என்ஜின்களும் பற்றியிருக்கின்றன. எப்படித் தெரியும்? ராக்கெட் எவ்வளவு வேகமாக முடுக்கப்படுகிறது என்ற அளவை, முன்பு ரஷ்ய என்ஜினோடு பறந்த ஜி.எஸ்.எல்.வி.களின் அளவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிரயோஜெனிக் கட்டம் ஆரம்பித்து 2.2 விநாடி வரை இரண்டும் ஒத்துப்போகின்றன. அதற்கப்புறம் ஏற வேண்டிய உந்துவிசை ஏறவில்லை. காரணம், எரியறைக்கு ஹைட்ரஜன் வரவில்லை. ஏன் வரவில்லை? அந்த ஹைட்ரஜன் பூஸ்டர் பம்பின் வேகப் பதிவைப் பார்த்தார்கள். பம்ப் ஒழுங்காகத்தான் கிளம்பியிருக்கிறது. 34,800 சுற்று வரை போயிருக்கிறது. 0.9 விநாடிக்குப் பிறகு வேகம் இறங்க ஆரம்பிக்கிறது. அடுத்த 0.6 விநாடிக்குள் பூஜ்யம்.

விநாடிக்கு 580 சுற்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு சாமான் கண் இமைப்பதற்குள் நின்றிருக்கிறது. கரன்ட் போன ஃபேன் மாதிரி மெதுவாக ஓய்ந்து நிற்கவில்லை. ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கிறது, அல்லது சுற்றவைக்கிற சக்தி சட்டென்று எங்கோ கசிந்து போயிருக்கிறது.

பி.காம் படிப்பவர்களுக்கு இது பழக்கமான வேலைதான். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் போன வருடக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த வரியிலிருந்து வித்தியாசம் ஆரம்பிக்கிறது என்று தேடுவோம். கிடைக்கவே இல்லையென்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் போட்டு மூடிவைக்க ஒரு வழி உண்டு. ராக்கெட்டுக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் கிடையாது. அடுத்த ராக்கெட்டில் அந்த வித்தியாசம் அப்படியே வந்து நிற்கும்.

குழு எங்கே போய் நின்றது என்பதுதான் இந்தக் கதையில் ரொம்பப் பிடித்துப்போகிற இடம். பம்ப் நின்றதற்கு இதுதான் காரணம் என்று அவர்கள் ஒற்றை விரலை நீட்டவில்லை. இரண்டு சாத்தியங்களைச் சொன்னார்கள். ஒன்று, பம்பின் ஒரு சீல் இருக்கும் இடத்தில் இறுகிப் பிடித்து ரோட்டர் சீஸ் ஆகியிருக்கலாம். இன்னொன்று, அழுத்தம் அதிகமாகி, வெப்பநிலை மாற்றத்தின் நெருக்கடியும் சேர்ந்து, டர்பைனின் மேல்கூடு உடைந்திருக்கலாம். இருக்கும் எண்களை வைத்து இதற்கு மேல் பிரிக்க முடியாது. பம்ப் கையில் இருந்திருந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிட வேலை. கையில் இல்லை. தெரிந்தது இவ்வளவு, சாத்தியம் இரண்டு என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். 330 கோடிக்குப் பதில் கேட்டு நாடே காத்திருக்கும்போது, 'இதுவா அதுவா என்று எங்களால் சொல்ல முடியவில்லை' என்ற அர்த்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குத் தைரியம் வேண்டும். ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவது அதைவிட எவ்வளவோ சுலபம்.

சீல் பிடிப்பது என்றால் என்ன? எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். இரண்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் அம்மா என்ன செய்வார்? வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் வைப்பார், உள்ளே பச்சைத் தண்ணீர் ஊற்றுவார். வெளியே உள்ளது விரியும், உள்ளே உள்ளது சுருங்கும், தட்டினால் கழன்றுவிடும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெளிக்கூடு அதிகமாகச் சுருங்கி, உள்ளே சுற்றுவது குறைவாகச் சுருங்கினால்? பம்பை அறையின் வெப்பநிலையில் பூட்டும்போது சுற்றுகிற பாகத்துக்கும் கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருப்பார்கள். அது மைனஸ் 253க்குப் போகும்போது ஒவ்வொரு உலோகமும் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். அந்த மயிரிழை குறைந்தால் உரசல். உரசினால் சூடு. சூட்டில் விரிந்து இன்னும் உரசல். 34,800 சுற்றில் இதற்கெல்லாம் அரை விநாடி தாராளம்.

தரையில் 720 விநாடி ஓடியதே என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். தரையில் சுற்றிலும் காற்று உண்டு, வானத்தில் என்ஜின் பற்றுகிற உயரத்தில் வெற்றிடம். தரையில் என்ஜின் அசையாமல் ஸ்டாண்டில் நிற்கும். பறக்கும்போது ஐந்து நிமிடம் ஆட்டி உலுக்கப்பட்ட பிறகுதான் பற்ற வேண்டும். ஒரு பம்ப் ஒழுங்காக ஓடியது என்பதால் அதே வரைபடத்தில் செய்த அடுத்த பம்பும், அடுத்த சூழ்நிலையிலும், ஒழுங்காக ஓடும் என்று சொல்ல முடியாது, இடைவெளி அந்த அளவு நூலிழையில் இருக்கும்போது.

சரி, பம்பைச் சரிசெய்து அடுத்த ராக்கெட்டை விடலாம் என்றால், அதற்குள் அடுத்த அடி. 2010 டிசம்பர் 25. குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்த கிறிஸ்துமஸ் நாள். ஜி.எஸ்.எல்.வி எஃப்-06 கிளம்பியது. சொந்த என்ஜின் வேலை முடியட்டும் என்று இதில் ரஷ்ய என்ஜினைத்தான் வைத்திருந்தார்கள். அது பற்றும் கட்டம் வரைக்கும்கூடப் போகவில்லை. 48ஆவது விநாடியை நெருங்கும்போது கட்டுப்பாடு போயிற்று, ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டியதும் பாதுகாப்புக்காகத் தரையிலிருந்தே அதை வெடிக்க வைத்தார்கள். காரணம், ரஷ்யக் கட்டத்தின் அடியில் இருந்த பத்து மின் இணைப்புகள் பிடுங்கிக்கொண்டன. 292ஆவது விநாடியில், சொன்ன பிறகு பிரிய வேண்டிய இணைப்புகள். மேலே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கீழே இருக்கும் என்ஜின்களுக்குப் போகும் கட்டளை அதோடு அறுந்தது. என்ஜின்களில் எந்தக் கோளாறும் இல்லை, வயர்தான் கழன்றது! ஒரே வருடத்தில் இரண்டு ராக்கெட். வாங்கி வைத்திருந்த ஏழு ரஷ்யக் கட்டங்களில் மிச்சம் ஒன்றே ஒன்று. ஜி.எஸ்.எல்.வி.க்கு 'குறும்புக்காரப் பையன்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

2011 ஏப்ரலில் இந்தப் பையனை மேய்க்கும் பொறுப்பு, அதாவது ஜி.எஸ்.எல்.வி திட்ட இயக்குநர் பதவி, கே. சிவனிடம் வந்தது. நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளைக்காரர், தெ.தி. இந்துக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் இஸ்ரோ தலைவரானார் என்பது எல்லாருக்கும் தெரியும். (நம்ம ஊர்க்காரர் தனி ஆளாக என்ஜினைச் சரிசெய்தார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். வலியமலையிலும் மகேந்திரகிரியிலும் திருவனந்தபுரத்திலும் நூற்றுக்கணக்கான பேர் செய்த வேலை அது. அவர்களில் பலருடைய பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வராது.)

அடுத்த மூன்று வருடம் ஒரு ஜி.எஸ்.எல்.வி.கூடப் பறக்கவில்லை. காரணம் இதுவா அதுவா தெரியவில்லை என்றால் இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பதுதானே வழி? ஹைட்ரஜன் பூஸ்டர் பம்பின் வடிவமைப்பை மாற்றினார்கள். பேரிங்கும் கூடும் அந்தக் கடுங்குளிரில் எவ்வளவு சுருங்கும், எவ்வளவு விரியும் என்பதைக் கணக்கில் எடுத்து மறுபடியும் வரைந்தார்கள். முதன்மை என்ஜின், திருப்பு என்ஜின், எரிவாயு ஜெனரேட்டர் மூன்றும் எந்த வரிசையில் பற்ற வேண்டும் என்பதை மாற்றினார்கள். டி-3இல் பற்றவைப்பில் கோளாறு இல்லையே என்று அதை விட்டுவிடவில்லை. எஃப்-06இல் வயர் பிடுங்கிய பகுதியில், என்ஜினை மூடும் கீழ் உறையையும், வயர்கள் போகும் குழாயையும் பலப்படுத்தினார்கள். அந்த உறை பறக்கும்போது அசைகிறதா என்று பார்க்க ஒரு கேமராவையே உள்ளே வைத்தார்கள். காரில் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று டிக்கிக்குள் ஒரு பையனை உட்காரவைத்து ஓட்டிப் பார்ப்பார்களே, அது மாதிரி.

எல்லாவற்றையும்விட முக்கியம், மகேந்திரகிரியில் வெற்றிடத்தை உண்டாக்கி அதற்குள் என்ஜினைப் பற்றவைத்துப் பார்த்தது. மேலே இருக்கும் சூழ்நிலையைக் கீழே கொண்டுவருவது எளிதில்லை. என்ஜின் பற்றியதும் வெளியே தள்ளும் வாயுவே வெற்றிடத்தைக் கெடுத்துவிடும், அதை விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். செலவு, நேரம் இரண்டும் பிடிக்கும். 2010க்கு முன்னாலேயே இதைச் செய்திருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். 720 விநாடி ஓடிய என்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு சோதனைக்குப் பணம் கொடுங்கள் என்று அன்றைக்குக் கேட்பது அத்தனை சுலபமாக இருந்திருக்காது.

2013 ஆகஸ்ட் 19. ஜி.எஸ்.எல்.வி டி-5 தயார். கவுன்ட் டவுன் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது நிறுத்து என்றார்கள். கிரயோஜெனிக் கட்டத்தில் இல்லை, அதற்குக் கீழே இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு! பழைய விகாஸ் என்ஜின் இருக்கும், வருடக்கணக்காகப் பழகிய கட்டம். தொட்டி செய்த அலுமினியக் கலவையில் விரிசல் விடும் குணம் இருந்தது. எரிபொருளை எல்லாம் வடித்து, ராக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோய், வேறு கலவையில் செய்த தொட்டியோடு புது இரண்டாம் கட்டத்தைப் பூட்டினார்கள். இன்னும் நாலரை மாதம். ஆனாலும் இந்தத் தடவை கோளாறு தரையிலேயே மாட்டிக்கொண்டது, ராக்கெட் கையில் இருந்தது. 2010ஐ நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

2014 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.18. டி-5 கிளம்பியது. ஐந்தாவது நிமிடத்தில் கிரயோஜெனிக் என்ஜின் பற்றியது. ஒன்றரை விநாடி தாண்டியது. 2.2 தாண்டியது. எரிய வேண்டிய சுமார் பன்னிரண்டு நிமிடமும் எரிந்தது. கிளம்பி 17 நிமிடத்தில் ஜிசாட்-14 தன் பாதையில் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் போட்ட 1991இலிருந்து எண்ணினால் இருபத்துமூன்று வருடம்.

அதன் பிறகு அந்த என்ஜின் வரிசையாகச் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் விட்டது. அதைவிடப் பெரிய சி.இ-20 என்ஜினும் வந்தது. அதை வைத்துச் செய்த சி-25 கட்டத்துக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர் வி. நாராயணன். அவரும் குமரி மாவட்டம்தான், மேலகாட்டுவிளை. 2025 ஜனவரியிலிருந்து இஸ்ரோ தலைவர். சந்திரயான்-3 நிலாவுக்குக் கிளம்பியது அந்தப் பெரிய என்ஜினில்தான்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், 2021 ஆகஸ்ட் 12 அதிகாலை ஜி.எஸ்.எல்.வி எஃப்-10. இ.ஓ.எஸ்-03 செயற்கைக்கோள். அதே ஐந்தாவது நிமிடம், அதே கிரயோஜெனிக் கட்டம், மறுபடியும் உந்துவிசை இல்லை. எண்களைப் பிரித்தால் அதே பூஸ்டர் பம்ப்தான் ஒழுங்காக ஓடவில்லை!

2010 நினைவில் இருந்தவர்களுக்கு முதலில் என்ன தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வியாதி திரும்பி வந்துவிட்டது. ஆனால் இல்லை. இந்தத் தடவை பம்பின் மேல் குற்றம் இல்லை. ஹைட்ரஜன் தொட்டிக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் ராக்கெட் கிளம்பிய பிறகு ஏறுவதற்குப் பதில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. என்ஜின் பற்றும் நேரத்தில், பம்ப் ஒழுங்காக இழுக்கத் தேவையான அழுத்தம் தொட்டியில் இல்லை. அழுத்தம் எங்கே போயிற்று? அதிகமானால் வெளியேற்றுவதற்காக வைத்திருக்கும் வால்வில் கசிவு. பிரஷர் குக்கரில் வெயிட் சரியாக உட்காராமல் ஆவி போய்க்கொண்டே இருந்தால் விசில் வராதே, அதுதான். வால்விலுள்ள மென்மையான சீல் சேதமாகியிருக்கலாம் என்றது ஆய்வுக் குழு. கசிவு இருந்தால் எண்கள் எப்படி வரும் என்று தரையில் அதே சூழ்நிலையை உண்டாக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். எஃப்-10இன் எண்களோடு பொருந்தியது.

மருந்தும் அதற்கேற்ற மாதிரிதான். வால்வையும் அதன் குழாய்களையும் பலப்படுத்தினார்கள். அழுத்தம் தானாக ஏறும் என்று காத்திராமல், என்ஜின் பற்றுவதற்கு முன் தொட்டிக்குள் போதுமான அழுத்தத்தை ஏற்றிவைக்கத் தனி ஏற்பாடு செய்தார்கள். கிளம்பலாம் என்று அனுமதி கொடுப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் தானாகவே சரிபார்க்கும் அளவுகளின் பட்டியலில் கிரயோஜெனிக் கட்டத்தின் இன்னும் சில அளவுகளைச் சேர்த்தார்கள். 2023 மே 29ஆம் தேதி எஃப்-12 கிளம்பியபோது ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் நின்றது, பம்ப் சுற்றியது, என்.வி.எஸ்-01 செயற்கைக்கோள் போய்ச் சேர்ந்தது.